வெயில்ல வச்சிருப்பீங்க

சித்தப்பாவின் போன் உப்பிவிட்டது. பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, திரையின் ஓரத்தில் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. வாங்கிப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை அவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் போனைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான், "அண்ணே, வெயில்ல வச்சிருப்பீங்க. இதுக்கு வாரண்டி வராது" என்றான்.

"நாங்களே வெயில்லதான்ப்பா இருக்கோம்" என்றார் சித்தப்பா.

பையன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். வெளியே வந்த பிறகுதான் எனக்கு அந்தச் சிரிப்பு கசந்தது. அந்தப் பையன் சொன்னதை நானே சித்தப்பாவிடம் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்ஜினியரிங் படித்தவன், சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவன், குடும்பத்தில் யாருடைய போன் கெட்டாலும் என்னிடம்தான் வரும். நானும் ஒவ்வொரு முறையும் பாடம் நடத்துவேன். முழுசா சார்ஜ் போடாதீங்க, எண்பதில் எடுத்துடுங்க. இருபதுக்குக் கீழே விடாதீங்க. சார்ஜ் போடும்போது கவரைக் கழட்டுங்க. தலையணைக்கு அடியில வைக்காதீங்க. சூடானா கொஞ்ச நேரம் ஆறவிடுங்க.

ஒவ்வொன்றும் உண்மை. வேதியியல் ரீதியாக ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் இந்த உண்மைகளை யாரிடம் போய்ச் சொல்கிறோம் என்பதில் ஒரு பெரிய அயோக்கியத்தனம் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

சித்தப்பா வீடு சுண்ணாம்புக்குளத்தை ஒட்டிய ஏரிக்கரையில் இருக்கிறது. பழவேற்காடு ஏரி என்றால் சென்னைக்காரர்களுக்கு டச்சுக் கல்லறையும் பூநாரையும்தான் நினைவுக்கு வரும். ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பாதிக்கு மேல் ஆந்திராவில் கிடக்கிறது. எங்கள் பக்கம் அதன் மேற்குக் கரை. தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்கும். ஏரிக்குள் கொஞ்ச தூரம் போனால் போன் தமிழ்நாட்டு டவரை விட்டு ஆந்திர டவரைப் பிடிக்கும், பிறகு அதையும் விட்டுவிட்டுத் தேடும். இந்தத் தேடல் பேட்டரிக்கு எவ்வளவு செலவு என்று பிறகு சொல்கிறேன்.

இறால் ராத்திரியில்தான் படும். ஏற்றவற்றம் பார்த்துக் கிளம்ப வேண்டும். ஒருநாள் நள்ளிரவு, அடுத்த நாள் கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் தள்ளி, அதற்கடுத்த நாள் இன்னும் ஐம்பது நிமிடம். சித்தப்பா கரைக்கு வரும்போது பெரும்பாலும் விடிந்திருக்கும். வலையைப் பிரித்து, இறாலைத் தரம் பிரித்து, வியாபாரியிடம் போட்டு, கணக்கு பேசி வீட்டுக்கு வந்து படுக்க மணி பத்து பதினொன்று ஆகிவிடும். படுப்பதற்கு முன்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வரிசையாக எல்லாவற்றையும் சொருகுவார். போன், பவர் பேங்க், இரண்டு நெத்தி லைட்டு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வைகாசியில் பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும் அந்த அறைக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மர நிழலில் இருப்பது மேல் என்று தோன்றும். அந்த நாலு மணி நேரம்தான் சித்தப்பாவின் பேட்டரிகளுக்கு சார்ஜ் நேரம். நூறு சதவீதம் ஏறி, ஏறிய பிறகும் சொருகியபடியே கொதிக்கும்.

ராத்திரி வேலை பார்ப்பவன் பகலில்தான் சார்ஜ் போடுவான். இவ்வளவு சின்ன விஷயம். 'பேட்டரி நீடிக்கப் பத்து வழிகள்' எழுதுகிற எவனுக்கும் இது தோன்றியதில்லை. எனக்கும்தான்.

இப்போது அந்த அறைக்குள் நடக்கும் வேதியியலைப் பார்க்கலாம். லித்தியம் அயன் பேட்டரியை சோனி 1991-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் அடிப்படையை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் நோபல் கிடைத்தது. உள்ளே ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் ஓர் உலோக ஆக்சைடு, நடுவே எலக்ட்ரோலைட் திரவம். கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் படியும். அது படிந்தால்தான் பேட்டரியே வேலை செய்யும், ஆனால் அது நிற்காமல் தடித்துக்கொண்டே போகும். தடிக்கத் தடிக்க லித்தியத்தைத் தின்னும், கரண்ட் போகிற வழியை அடைக்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இந்த மாதிரி வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் எல்லோரும் சொல்லும் கைக்கணக்கு. இதோடு பேட்டரி முழுசாக நிரம்பியும் இருந்தால் இன்னும் மோசம். நிரம்பிய நிலையில் உள்ளே மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும், திரவம் சிதைந்து வாயு பிரியும். சித்தப்பாவின் போன் உப்பியது அந்த வாயுவால்தான்.

பேட்டரி பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஓர் அட்டவணை உண்டு. 40 சதவீத சார்ஜில் 25 டிகிரியில் ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால் பேட்டரியின் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். அதையே முழு சார்ஜில் 40 டிகிரியில் வைத்தால் 65. ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லை, பெட்டியில் வைத்திருந்தாலே இந்த நிலை. சித்தப்பாவின் அறை இரண்டாவது கணக்கில் வருகிறது.

ஆக, எண்பதில் எடுத்துவிடு, இருபதில் போடு என்று நாம் பேசிக்கொண்டிருக்கும் சதவீதக் கணக்கெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். முதல் எதிரி கூரை. அதைப் பற்றி அந்தப் பத்து வழிகளில் ஒரு வரி கிடையாது. 'குளிர்ச்சியான, காற்றோட்டமான இடத்தில் வைக்கவும்' என்று இருக்கும். அப்படி ஓர் இடம் அவர் வீட்டில் இருந்தால் அங்கே அவர் படுத்திருப்பார்.

இன்னொரு கூத்து. விலை கூடிய போன்களில் இப்போது புத்திசாலி சார்ஜிங் என்று ஒன்று வருகிறது. நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று போன் கற்றுக்கொள்ளும். எண்பதில் நிறுத்தி வைத்து, நீங்கள் எழும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நூறைத் தொடும். நல்ல யோசனைதான். ஆனால் அது கற்றுக்கொள்வது கடிகாரத்துக்கு வாழ்கிறவனின் பழக்கத்தை. தினமும் ஐம்பது நிமிடம் நகரும் வாழ்க்கையை அது என்னவென்று கற்கும்? நிலாவைப் பார்த்து வேலைக்குப் போகிற ஓர் ஆளை அந்த நிரல் எழுதியவர்கள் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். சித்தப்பாவின் போனில் அந்த வசதியே கிடையாது என்பது தனிக்கதை.

ஐபோன் தயாரிக்கும் ஆப்பிள் தன் இணையதளத்தில் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை இருக்கும் இடத்தில் பயன்படுத்துங்கள். நேர்மையான வாக்கியம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த ஐபோன் எங்கே பூட்டப்படுகிறது? ஸ்ரீபெரும்புதூரில். சுண்ணாம்புக்குளத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் வரும் ஊர். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், எந்த அக்னி நட்சத்திரத்திலும் 38, 39 எங்களுக்குச் சாதாரணம். இந்த மண்ணில் நம் பிள்ளைகள் ஷிஃப்ட் போட்டுப் பூட்டும் பொருளுக்கு இந்த மண்ணின் கோடை 'பயன்பாட்டு வரம்புக்கு வெளியே'. தொழிற்சாலைக்குள் ஏசி இருக்கிறது, அது போதும் என்று நினைத்துவிட்டார்கள் போல.

கேட்கும்போது ஓர் ஆள் உடனே சொல்வான், எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த ஆள் போன வருடம் வரை நான்: "வேதியியலை யார் மாத்த முடியும்? வெயில் அடிச்சா பேட்டரி சாகும். கம்பெனி என்ன பண்ணும்?"

நிறையப் பண்ணலாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று ஒரு வகை செல் இருக்கிறது. வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது, பல மடங்கு அதிக முறை சார்ஜ் ஏற்றலாம். அதே அளவில் கொள்ளளவு குறைவு என்பதுதான் குறை. போனுக்கு அது இடைஞ்சல்தான், போன் மெல்லிசாக இருக்க வேண்டுமே. நெத்தி லைட்டுக்கு என்ன வந்தது? அது அரை இன்ச் தடித்தால் சித்தப்பா கோபித்துக்கொள்வாரா? போனிலும், பேட்டரி 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் எண்பதோடு நிறுத்திவிடு என்பது எத்தனை வரி நிரல்? வெப்பத்தை அளக்கும் சென்சார் உள்ளேயே இருக்கிறது. 45-க்கு மேல் சார்ஜ் ஏறாமல் பல போன்கள் தடுக்கவும் செய்கின்றன. அதாவது தீப்பிடிப்பதைத் தடுக்க நிரல் எழுதத் தெரிந்திருக்கிறது, மெல்லச் சாவதைத் தடுக்க எல்லாப் போனிலும் எழுதவில்லை. தீப்பிடித்தால் 2016-இல் சாம்சங் நோட் 7-க்கு நடந்தது நடக்கும், விற்றதையெல்லாம் திரும்ப வாங்க வேண்டிவரும். மெல்லச் செத்தால் அடுத்த போன் விற்கும்.

இதில் என் பங்கும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் நான் ஒரு செயலியில் வேலை பார்த்தேன். வேலைக்குப் போகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தொடர்ந்து இடத்தைக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை நொடிக்கு ஒருமுறை என்று கேட்டபோது ஐந்து என்று போட்டோம். ஏன் ஐந்து? வரைபடத்தில் புள்ளி அழகாக வழுக்கிக்கொண்டு போகும். சோதித்தது பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் ஆறாவது மாடியில், ஏசி 22-இல். போன் லேசாகக்கூடச் சூடாகவில்லை. பிறகு புகார்கள் வந்தன, பைக் தாங்கியில் மாட்டிய போன்கள் மத்தியானத்தில் அணைந்துபோகின்றன என்று. மீட்டிங்கில் நான் சொன்ன வாக்கியம் அப்படியே நினைவிருக்கிறது. "யூசர் டைரக்ட் சன்லைட்ல வச்சிருப்பார்." சர்வீஸ் சென்டர் பையனுக்கும் எனக்கும் சம்பளத்தில்தான் வித்தியாசம்.

ஏரிக்கு வருகிறேன். இரண்டு மார்கழிக்கு முன்னால் ஒரு பனி. பழவேற்காட்டுப் பனியை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், துடுப்பின் நுனி தெரியாது. கரை எந்தப் பக்கம் என்பதே குழம்பிவிடும். சித்தப்பா போனில் வரைபடத்தைத் திறந்தார். 23 சதவீதம் காட்டியது. திறந்த ஒரு நிமிடத்தில் போன் செத்துவிட்டது.

இருபத்துமூன்று இருக்கும்போது எப்படிச் சாகும் என்று அவர் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார். பொய்க்கணக்கு காட்டுது, ஏமாத்துறானுங்க என்பது அவர் முடிவு. நடப்பது இதுதான். அந்தப் படலம் தடித்த பேட்டரியின் உள்தடை ஏறியிருக்கும். சும்மா இருக்கும்போது மின்னழுத்தம் நன்றாகவே இருக்கும், அதனால் 23. ஜிபிஎஸ், திரை வெளிச்சம், கிடைக்காத டவரைத் தேடி உச்ச சக்தியில் கத்தும் ரேடியோ, எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் கரண்ட்டை இழுத்தால் மின்னழுத்தம் சட்டென்று சரியும். போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்ட விஷயம் இதைச் சார்ந்தது. இப்படித் திடீரென்று அணையாமல் இருக்க, பழைய பேட்டரி உள்ள போன்களின் வேகத்தைச் சொல்லாமல் குறைத்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்டார்கள், பேட்டரி மாற்றும் விலையைக் குறைத்தார்கள். சொல்லாமல் செய்ததற்காக 2020-இல் பிரான்ஸ் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது. அங்கே யாரும் 'வெயில்ல வச்சிருப்பீங்க' என்று கேட்கவில்லை.

சித்தப்பா வலைக்கம்பை ஊன்றி, படகைக் கட்டிப்போட்டு, விடியும் வரை உட்கார்ந்திருந்தார். நெத்தி லைட்டு இருந்தது, அதுவும் மஞ்சளாகி மங்கிக்கொண்டிருந்தது. கரையில் சித்தி டார்ச்சோடு நடந்துகொண்டிருந்தாள். நூறு தடவையாவது கூப்பிட்டிருப்பேன், சுவிட்ச் ஆஃப்னே சொல்லிக்கினு இருந்துச்சு என்றாள். அதைச் சொல்லும்போது சிரித்தாள், ஆனால் அன்றிலிருந்து அவர் கிளம்பும் முன் போனை அவள்தான் எடுத்துப் பார்க்கிறாள், எத்தனை இருக்கிறது என்று.

மீனவர்களுக்கு அலைபேசியில் கடல் நிலை எச்சரிக்கை அனுப்ப ஐதராபாத்தில் இன்காய்ஸ் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்கென்றே ஒரு செயலி வைத்திருக்கிறது. எல்லாம் நல்ல வேலை. செயலி தருகிறோம், எச்சரிக்கை தருகிறோம், ஜிபிஎஸ் தருகிறோம். இவை அனைத்தும் நம்பி நிற்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெந்த ஒரு பேட்டரியை.

அந்த நெத்தி லைட்டைப் பற்றியும் பேச வேண்டும். அதன் உள்ளே இருப்பது 18650 என்ற செல், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 நீளம். ஒருநாள் கழற்றிப் பார்த்தேன். மேலே 9900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தது. அந்த அளவு செல்லில் உலகத்தின் நல்ல கம்பெனிகள் பிழிந்து பிழிந்து அடைப்பதே 3500 சொச்சம்தான். நல்ல செல் ஒன்று ஏறக்குறைய 45 கிராமுக்கு மேல் இருக்கும். இது கையில் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. மிகைச் சார்ஜையும் ஷார்ட்டையும் தடுக்கும் சின்னச் சர்க்யூட்டும் உள்ளே இல்லை. இதைத்தான் நெற்றியில் கட்டிக்கொண்டு போகிறார்.

இதே செல்தான் வெளிநாடுகளில் கையடக்க வேப்பரைசர்களிலும் கிடக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தமிழ்நாடு 2018-இல் இ-சிகரெட்டுக்குத் தடை போட்டது, 2019-இல் நாடு முழுக்கச் சட்டமே வந்துவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தனிச் செல்லை எப்படிக் கையாள்வது என்று உலகத்தில் மிக நுணுக்கமாகப் பேசி வைத்திருப்பவர்களில் அந்தப் பழக்கம் உள்ளவர்கள் முக்கியமானவர்கள். சில்லறையோடு பாக்கெட்டில் போடாதே, ஷார்ட் ஆகும், தனி டப்பாவில் வை. மேலுறை கிழிந்தால் மாற்று. எழுதியிருக்கும் எண்ணை நம்பாதே. தொடர்ந்து இழுத்துச் சூடேற்றாதே, ஆறவிடு. சிலருடைய சட்டைப் பையில் வெடித்த பிறகு அவர்களே சோதித்து அவர்களே எழுதிக்கொண்டது. பொழுதுபோக்குக்குப் புகை விட்டவனுக்குக் கிடைத்த அறிவில் நூறில் ஒரு பங்கு, பிழைப்புக்கு விளக்கு கட்டுகிறவனுக்கு அவன் மொழியில் கிடைக்கவில்லை. அட்டைப்பெட்டியில் சீன மொழியில் ஏதோ இருந்தது.

'விலை குறைஞ்சதை வாங்கினா அப்படித்தான்' என்பது அடுத்த வாதம். சரி, மின்சார ஸ்கூட்டருக்கு என்ன நடந்தது? 2022 மார்ச்சில் வேலூர்ப் பக்கம், வீட்டில் ராத்திரி சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் எரிந்து ஓர் அப்பாவும் மகளும் இறந்தார்கள். அந்தக் கோடையில் இன்னும் பல ஊர்களில் ஸ்கூட்டர்கள் எரிந்தன. அப்போதும் முதலில் வந்தது அறிவுரைதான். வெயிலில் நிறுத்தாதீர், ஓட்டி வந்தவுடன் சார்ஜ் போடாதீர். ஆனால் அரசு அதோடு நிற்கவில்லை. ஏஐஎஸ் 156 என்ற தரநிலையைத் திருத்தி, செல்லுக்கும் சார்ஜருக்கும் பேட்டரியைக் கண்காணிக்கும் அமைப்புக்கும் கூடுதல் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக. வெயில் அடிக்கும் நாட்டில் விற்கிறாய், வெயிலுக்குத் தகுந்தமாதிரி செய் என்று தயாரிப்பாளரைப் பார்த்துச் சொல்ல முடிந்திருக்கிறது. அதையே போனுக்கும் விளக்குக்கும் சொல்ல எது தடுக்கிறது? செல்லுக்கு ஐஎஸ் 16046 என்று கட்டாயத் தரநிலை இருக்கிறது, ஆனால் அது பார்ப்பது பாதுகாப்பை. எங்கள் வெயிலில் எத்தனை மாதம் உழைக்கும் என்பது அதன் கேள்வி இல்லை.

ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல் போன் பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். 2027 பிப்ரவரியிலிருந்து பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும், போன்களுக்குச் சில விலக்குகளோடு. ஐரோப்பாவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது எனக்குப் பிடிக்காத காரியம். ஆனால் பதினைந்து வருடத்துக்கு முன்னால் சித்தப்பாவின் பட்டன் போனில் பின்மூடியை நகத்தால் திறந்து, பேட்டரியை வேட்டியில் துடைத்துத் திரும்பப் போடுவார். உபரியாக ஒன்றை மடித்த பாலிதீன் பையில் வைத்திருப்பார். அவரிடம் இருந்த வசதியைப் பிடுங்கி, பசை போட்டு ஒட்டி, ஐரோப்பாவில் சட்டம் போட்டுத் திரும்பக் கொடுக்கிறார்கள்.

பழவேற்காட்டுக் குப்பங்களில் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் நல்ல இடமும் உண்டு, சவலை இடமும் உண்டு. யார் எங்கே வலை போடுவது என்று முறை வைத்துச் சுற்றி வரும். சவலை இடம் ஒரே ஆள் தலையில் நிரந்தரமாக விழாது. பேட்டரி விஷயத்தில் அப்படி ஒரு முறையும் கிடையாது. வெயில் எப்போதும் ஒரே ஆள் தலையில்தான்.

சித்தப்பாவுக்கு இப்போது வேறு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், எண்பதில் நிற்கும் வசதி உள்ளது. நெத்தி லைட்டுக்குப் பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள இரண்டு நல்ல செல்கள். பழையதின் விலையைப் போல மூன்று மடங்கு, அதை அவரிடம் சொல்லவில்லை. உப்பிய பேட்டரியைக் குத்தக்கூடாது, குப்பையில் போடக்கூடாது என்று சொல்லி வாங்கி வந்து, சென்னையில் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்தேன். இதெல்லாம் ஒரு வீட்டுக்கு ஒரு மருமகனோ மகனோ ஓஎம்ஆரில் இருந்தால் நடக்கும்.

போன மாதம் போனபோது மத்தியானம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் காணோம். கேட்டேன். பின்கட்டில் மண்பானை வைத்திருக்கும் மூலைக்கு வயரை இழுத்திருந்தார், ஓலை வேய்ந்த இடம், பானையைச் சுற்றிய மணல் ஈரமாக இருக்கும். அதற்கு ஒரு முழம் தள்ளி, ஒரு பலகை மேல் போனும் விளக்குகளும் வரிசையாகக் கிடந்தன. தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை.

"தண்ணி பட்டா போச்சு சித்தப்பா" என்றேன்.

"நீதானடா சொன்ன, குளிர்ச்சியான இடமா பார்த்து வைன்னு" என்று சொல்லிவிட்டு, அந்தக் கொதிக்கிற அறைக்குள் போய்ப் படுத்தார்.